டென்ஷனே இல்லாதவருக்கு எதற்கு ஹைப்பர்டென்ஷன் மாத்திரை?

பெரியப்பா இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. தலைசுற்றி விழப்போனவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோதுதான் அது எங்களுக்குத் தெரிந்தது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது.

"நான்தான் ரிட்டயர் ஆகிட்டேனே. இப்ப எனக்கு என்ன டென்ஷன்? டென்ஷனே இல்லாதவனுக்கு ஹைப்பர்டென்ஷன் மாத்திரை எதுக்குப்பா?"

நாற்பது வருடம் ஆங்கிலத்திலேயே கோப்பு பார்த்தவர் அவர். தெரியாத சொல்லாக இருந்திருந்தால் யாரிடமாவது கேட்டிருப்பார். நன்றாகத் தெரிந்த சொல் என்பதால் கேட்கவே தோன்றவில்லை. தமிழில் நாம் டென்ஷன் என்று சொன்னால் மனப் பதற்றம், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் வேர் 'இழுத்து நீட்டுதல்' என்ற பொருளுடைய ஓர் இலத்தீன் வினை. இழுத்துக் கட்டிய கயிற்றில் இருப்பதும் டென்ஷன்தான். இயற்பியல் பாடத்தில் இழுவிசை என்று படித்திருப்போம். மருத்துவத்தில் அதே சொல் அழுத்தத்தைக் குறிக்கும். இரத்தக் குழாய்ச் சுவரின்மீது இரத்தம் தரும் அழுத்தம் இருக்க வேண்டிய அளவைத் தாண்டிவிட்டால் அதற்குப் பெயர் ஹைப்பர்டென்ஷன். மனம் தெளிந்த குளம் மாதிரி இருப்பவருக்கும் அது வரும். பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அதனால்தான் மாத்திரையைத் தானாக நிறுத்துவது அவ்வளவு ஆபத்து.

நான் பதினேழு வருடமாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலை செய்கிறேன். மருந்துத் துண்டறிக்கை, பத்திரம், இயந்திரக் கையேடு, கூட்டக் குறிப்பு என்று கைக்கு வந்ததையெல்லாம் செய்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் நான் செய்த பெரிய பிழைகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது, பெரியப்பாவுக்கு நடந்ததேதான் எனக்கும் நடந்திருந்தது. கடினமான சொல் ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை. எல்லாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். தெரியாத சொல் வந்தால் கை அகராதிக்குப் போகிறது. தெரிந்த சொல் வந்தால் கை நிற்பதில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது.

என் தாளில் முதலில் இருக்கும் சொல் டேபிள்.

வேலைக்கு வந்த மூன்றாவது வருடம். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்திய ஒரு திட்டத்தின் கூட்டக் குறிப்பு மொழிபெயர்ப்புக்கு வந்தது. அதில், குழு கொடுத்த கோரிக்கை 'டேபிள்' செய்யப்பட்டது என்று ஒரு வரி. நாடாளுமன்றச் செய்திகளைப் படித்துப் பழகிய எனக்குச் சந்தேகமே வரவில்லை. 'கோரிக்கை விவாதத்துக்குத் தாக்கல் செய்யப்பட்டது' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். குறிப்பை எழுதியவர் அமெரிக்கர். அமெரிக்க வழக்கில் ஒரு தீர்மானத்தை டேபிள் செய்வது என்றால் அதைப் பேசாமல் ஒத்திவைப்பது, சொல்லப்போனால் ஓரங்கட்டுவது. பிரிட்டிஷ் வழக்கில் மேசைமீது எடுத்து வைப்பது. அமெரிக்க வழக்கில் மேசையிலேயே கிடக்க விடுவது. ஒரே மேசை, நேர் எதிரான இரண்டு பொருள்.

என் தமிழைப் படித்த குழுவினர் அடுத்த கூட்டத்தில் கோரிக்கை விவாதத்துக்கு வருகிறது என்று நம்பி, இரண்டு வாரம் உட்கார்ந்து விளக்க அறிக்கை தயாரித்தார்கள். பிறகு அவர்களில் ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். "நாங்க கேட்டதை அப்பவே தள்ளி வச்சுட்டாங்களாமே. நீங்க தாக்கல்னு எழுதியிருந்தீங்களே?" குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. கோபமாக இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது இதே சொல் பிரிட்டிஷ், அமெரிக்கத் தளபதிகளிடையே சண்டை மூட்டியதை வின்ஸ்டன் சர்ச்சில் தம் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். பிரிட்டிஷ் தரப்பு ஓர் ஆவணத்தை உடனே விவாதிக்க வேண்டும் என்ற பொருளில் டேபிள் செய்யச் சொன்னது. அமெரிக்கத் தரப்பு, அவ்வளவு முக்கியமானதை எப்படி ஒதுக்கி வைப்பது என்று எதிர்த்தது. நெடுநேரம் காரசாரமாக வாதாடிய பிறகுதான் இரு தரப்பும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறோம் என்று கண்டுகொண்டார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே இப்படி என்றால், நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எந்தச் சொல்லைப் பார்த்தாலும் பயம். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டினேன். அதுவும் உதவவில்லை, ஏனென்றால் அகராதி எல்லாப் பொருளையும் வரிசையாகக் கொடுக்கும். இந்த வரியில் எது என்று சொல்லாது. ரன் என்ற சின்னச் சொல்லுக்கு, வினையாக மட்டும், 645 பொருள்களை ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி பிரித்துக் காட்டுகிறது. அதற்கு முன் 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் செட் என்ற சொல் 430 பொருளோடு முன்னணியில் இருந்தது. இதை மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது.

அப்போது எனக்கு வேலை பழக்கிய மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர், "ஆங்கில அகராதியை மூடி வைங்க. தொல்காப்பியத்துல கிளவியாக்கம் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். சொற்களைப் பற்றிய அந்த இயல் கல்லூரியில் படித்ததுதான். தேர்வோடு மறந்தும் போயிருந்தது. அவர் ஒரு வரியை எழுதிக் கொடுத்தார்:

வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்
தேறத் தோன்றும் பொருள்தெரி நிலையே

பல பொருள் தரும் ஒரு சொல் வரும்போது, அதோடு வரும் வினையாலோ, அதோடு சேர்ந்து வரும் இனத்தாலோ, சூழ்ந்திருக்கும் சார்பாலோ எந்தப் பொருள் என்பது தெளிவாகிவிடும் என்கிறது நூற்பா. உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லை எடுத்துக்காட்டுவார்கள். மா என்றால் மாமரம், விலங்கு, குதிரை என்று பல பொருள். மா பூத்தது என்றால் மரம். பூத்தது என்ற வினை காட்டிக்கொடுக்கிறது. மாவும் மருதும் ஓங்கின என்றாலும் மரம். பக்கத்தில் நிற்கும் மருதமரம் இனம் காட்டுகிறது. கவசம் அணிந்து நிற்பவன் 'மா கொண்டு வா' என்றால் குதிரை. அவன் நிற்கிற கோலமே சார்பு.

அந்தத் தாளை இப்போதும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆங்கிலம் படிக்கும்போது நான் கேட்டுக்கொள்வது இந்த மூன்று கேள்விகளைத்தான்.

முதலில் வினை. ரன் என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கு ரன் ஆனால் ஒழுகுகிறது. நிறுவனத்தை ரன் செய்தால் நடத்துகிறார்கள். காய்ச்சலை ரன் செய்தால் காய்ச்சல் அடிக்கிறது. சோதனையை ரன் செய்தால் செய்து பார்க்கிறார்கள். எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று பார்த்தவுடனே 645-இல் 640 கழிந்துவிடுகிறது. தேர்தலில் மட்டும் ஒரு வேடிக்கை உண்டு: அமெரிக்க வேட்பாளர் ஓடுகிறார், பிரிட்டிஷ் வேட்பாளர் நிற்கிறார். நாமும் நிற்கிறவர்கள் பக்கம்தான்.

வினையோடு ஒட்டிக்கொண்டு வரும் சின்னச் சொற்களையும் இதிலேயே சேர்த்துக்கொள்கிறேன். சாங்ஷன் என்ற சொல்லைக் கடன் கேட்டவர்கள் எல்லாருக்கும் தெரியும். லோன் சாங்ஷன் ஆனால் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று பொருள். அதே சொல் பன்மையில், ஒரு நாட்டின் 'மீது' என்று வந்தால் தடை, தண்டனை. இலத்தீனில் மீற முடியாதபடி விதித்தல் என்ற பொருளில் கிளம்பிய சொல் அது. விதிப்பவர் அனுமதிக்கவும் செய்யலாம், தண்டிக்கவும் செய்யலாம், அதனால் இரண்டு பக்கமும் கிளைத்துவிட்டது. ஓவர்சைட் என்ற சொல்லும் இதே மாதிரி இரட்டை முகம் கொண்டது. குழுவோடும் அமைப்போடும் வந்தால் மேற்பார்வை. 'ஒரு' என்ற பொருள் தரும் சொல் முன்னால் நின்று, மன்னிப்புக் கேட்கும் தொனியும் இருந்தால் கவனப்பிசகு. கிளீவ் என்ற பழைய சொல்லுக்குப் பிளத்தல், ஒட்டிக்கொள்ளுதல் என்று இரண்டும் உண்டு. அது உண்மையில் இரண்டு தனித்தனி வினைகள், காலப்போக்கில் ஒரே உருவத்துக்கு வந்தவை.

இனம் என்பதை நான் கற்றது ஒரு கருவிப் பட்டியலில். சுத்தியல், உளி, இரம்பம் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்த பட்டியலில் நடுவே ஃபைல் என்று ஒரு சொல். கூட வேலை செய்த இளைஞர் கோப்பு என்று எழுதியிருந்தார். நாள் முழுக்கக் கணினியில் அந்தச் சொல்லையே பார்ப்பவர், பாவம், வேறென்ன எழுதுவார்? பட்டியலில் மேலும் கீழும் பார்த்திருந்தால் அது அரம் என்று தெரிந்திருக்கும். சுத்தியலுக்கும் உளிக்கும் நடுவில் கோப்பு வந்து உட்கார வழியே இல்லை.

இன்றைக்கு இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் மென்பொருள் மொழிபெயர்ப்பில் சொற்கள் இனத்தைப் பிரிந்து ஒவ்வொரு கட்டத்தில் தனித்தனியாக வருகின்றன. ரைட் என்று மட்டும் ஒரு கட்டம். அது வலப்பக்கமா, சரியா, உரிமையா? ஆர்டர் என்று ஒரு கட்டம். வரிசையா, ஆணையா, வாங்கக் கொடுத்த உத்தரவா? குளோஸ் என்று எழுதியிருந்தால் மூடுவதா, அருகில் இருப்பதா? இப்படித் தனிச்சொல் வந்தால், அது வரும் கணினித் திரையின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் நான் கை வைக்கிறேன். வேலை ஒரு நாள் தாமதமாகும், பரவாயில்லை.

சார்புதான் மூன்றிலும் ஆழமானது. பக்கத்துச் சொல்லால் தீராததைச் சூழல்தான் தீர்க்கும். எழுதியவர் எந்த நாட்டவர், எந்தத் துறை, எந்த வருடம், யாருக்காக எழுதுகிறார் என்று பார்க்க வேண்டும். டேபிள் விஷயத்தில் நான் பார்க்கத் தவறியது இதைத்தான்.

இதை இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் அட்டை வைத்திருக்கிறேன். யோசனை என்னுடையது அல்ல. 1949-இல் வாரன் வீவர் என்ற அமெரிக்க அறிவியலாளர் இயந்திர மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். ஒளி ஊடுருவாத ஓர் அட்டையில் ஒரே ஒரு சொல் தெரியும் அளவுக்குத் துளை போட்டு, அதன் வழியே புத்தகத்தைப் படித்தால் எந்தச் சொல்லின் பொருளையும் தீர்மானிக்க முடியாது; துளையை இரு பக்கமும் அகலமாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பொருள் தெளியும் என்றார். நான் நிஜமாகவே அட்டையை வெட்டிவிட்டேன்.

போன முறை மூன்று பேர் இருந்தார்கள். துளையில் தெரிந்தது டெலிவரி என்ற சொல். ஒருவர் பிரசவம் என்றார், ஒருவர் பொருளை வீட்டில் கொண்டுவந்து கொடுப்பது என்றார், மேடைப் பேச்சில் ஆர்வமுள்ள மூன்றாமவர் பேசும் பாங்கு என்றார். மூன்றும் சரி. துளையை இடப்பக்கம் ஒரு சொல் அகலமாக்கினேன். நார்மல் என்று வந்தது. மூவரும் ஒரே குரலில் "சுகப்பிரசவம்!" என்றார்கள். எழுதிவிடலாமா என்று கேட்டேன். எழுதிவிடலாம் என்றார்கள். வலப்பக்கம் ஒரு சொல் திறந்தேன். டைம் என்று வந்தது. அறை அமைதியானது. இன்னும் கொஞ்சம் திறந்தபோது 'மூன்று நாள்' என்ற பகுதி தெரிந்தது. பொருள் வந்து சேர வழக்கமாக ஆகும் காலம் மூன்று நாள், அதுதான் வரி.

பொருள் தெளிந்துவிட்டது என்று நமக்குத் தோன்றும் இடம் வேறு, உண்மையில் தெளியும் இடம் வேறு. அதை அந்த அட்டை காட்டிய மாதிரி வேறு எதுவும் காட்டியதில்லை. சில வாக்கியங்களுக்கு எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் போதாது என்பதும் உண்மை. யெஹோஷுவா பார்-ஹில்லெல் என்ற அறிஞர் 1960-இல் ஓர் எடுத்துக்காட்டுக் கொடுத்தார். ஒரு சிறுவன் தன் பொம்மைப் பெட்டியைத் தேடுகிறான், கடைசியில் கிடைக்கிறது, பெட்டி 'பென்'னுக்குள் இருந்தது. பென் என்றால் பேனாவும் உண்டு, குழந்தை விளையாடும் அடைப்பும் உண்டு. பேனாவுக்குள் பெட்டி நுழையாது என்பதை எந்தச் சொல்லும் அங்கே சொல்லவில்லை. உலகத்தைப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும். மொழிபெயர்க்கிறவர் மொழியை மட்டும் படித்தால் போதாது என்று நான் நம்புவதற்கு இந்த ஒரு வரி போதும்.

துறைக்கு வருகிறேன். மருத்துவ அறிக்கையைப் போல மனிதரைக் கலங்க அடிப்பது வேறில்லை. பாசிட்டிவ் என்றால் நல்லது, நெகட்டிவ் என்றால் கெட்டது என்று நமக்கு ஊறிப்போயிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் பாசிட்டிவ் என்றால் தேடியது இருக்கிறது, நெகட்டிவ் என்றால் தேடியது இல்லை. கட்டி பரிசோதனையில் நெகட்டிவ் என்று வந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் அழுத சித்தியை நான் பார்த்திருக்கிறேன். காலையில் நான் போய்ச் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. "என்ன தேடினாங்கன்னு முதல்ல பாருங்க சித்தி, அப்புறம் அது இருக்கா இல்லையான்னு பாருங்க" என்றேன். இப்போது அவர் மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறார்.

அக்யூட் என்பதைக் 'கடுமையான' என்று எழுதும் பழக்கத்தையும் நான் விட்டுவிட்டேன். மருத்துவத்தில் அது திடீரென்று தொடங்கி, குறுகிய காலம் இருப்பதைச் சொல்வது. அதற்கு எதிர்ச்சொல் குரோனிக், நாள்பட்டது. சாதாரண ஜலதோஷம்கூட அக்யூட் வகைதான். ஆனால் அதைக் கடும் நோய் என்று யாரும் சொல்ல மாட்டோம். ஸ்கேன் அறிக்கையில் அன்ரிமார்க்கபிள் என்று ஒரு சொல் வரும். 'சிறப்பாக இல்லை' என்று படித்துப் பயப்படுவார்கள். குறிப்பிட்டுச் சொல்லும்படி கோளாறு ஏதும் இல்லை என்பதுதான் பொருள், அதாவது நல்ல செய்தி. கல்ச்சர் ரிப்போர்ட் என்றால் மாதிரியில் கிருமியை வளர்த்துப் பார்த்த முடிவு.

சட்டத்தில் ஒரு சொல் தவறினால் பாகமே கை மாறிவிடும். பழைய பத்திரம் ஒன்றின் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கக் கொடுத்திருந்தார்கள். அதில் 'அன்னார் பிரச்சினை ஏதுமின்றி இறந்தார்' என்று ஒரு வரி. மூலத்தைப் பார்த்தேன். 'டைட் விதவுட் இஷ்யூ' என்று இருந்தது. அந்த இடத்தில் இஷ்யூ என்பது சந்ததி. வாரிசு இல்லாமல் இறந்தார் என்று பொருள். அந்த ஒரு வரியை வைத்துத்தான் சொத்து தம்பி வழிக்குப் போகிறது. தமிழ் வாசகத்தை நம்பிப் படிப்பவருக்கு, இவர் பிள்ளைகள் எங்கே, ஏன் தம்பி வந்தார் என்றே புரிந்திருக்காது. சட்டத் தாளில் பிரேயர் என்றால் நீதிமன்றத்திடம் கேட்கும் பரிகாரம். இன்ஸ்ட்ருமென்ட் என்றால் ஆவணம். எக்ஸிகியூட் என்றால் கையெழுத்திட்டு முறைப்படி எழுதிக் கொடுத்தல். கன்சிடரேஷன் என்றால் ஒப்பந்தத்தில் ஒருவர் கொடுப்பதற்கு ஈடாக மற்றவர் தரும் மறுபயன். தெரிந்த சொல் எல்லாமே அந்த வாசலைத் தாண்டினால் வேறு சட்டை போட்டுக்கொள்ளும்.

அறிவியலில் தியரி என்பதை ஊகம் என்று எழுதிவிடாதீர்கள், அங்கே அது சான்றுகளால் தாங்கப்பட்ட விளக்கம். பாசிட்டிவ் ஃபீட்பேக் என்றால் பாராட்டு அல்ல. ஒரு மாற்றம் தன்னைத் தானே மேலும் பெருக்கிக்கொள்வது. பருவநிலை பற்றிய பேச்சில் அது பெரும்பாலும் கெட்ட செய்தி.

எண்களும் தப்பவில்லை. பில்லியன் என்றால் இன்று நூறு கோடி. பழைய பிரிட்டிஷ் நூல்களில் அது லட்சம் கோடி, ஆயிரம் மடங்கு அதிகம். பிரிட்டிஷ் அரசு 1974-இல்தான் அமெரிக்கக் கணக்குக்கு மாறியது. அதற்கு முந்தைய நூலில் பில்லியன் வந்தால் வருடத்தையும் நாட்டையும் பார்த்துவிட்டுத்தான் பூஜ்யம் போட வேண்டும். பைவீக்லி என்ற சொல் வாரம் இரு முறை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்ற இரண்டையும் குறிக்கும். இதற்கு எந்தச் சூத்திரமும் உதவாது, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சொற்களை எப்படி நினைவில் வைப்பது என்று கேட்பார்கள். எனக்கு உதவியது வேரைத் தேடுவது. அதைத் தேடப் போனபோது கிடைத்த சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும். சார்ஜ் என்ற சொல்லுக்குக் கட்டணம், குற்றச்சாட்டு, பொறுப்பு, மின்னேற்றம் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத பொருள்கள். வேர், வண்டியில் பாரம் ஏற்றுதல் என்ற பொருளுடைய பிற்கால இலத்தீன் சொல். அதைப் படித்ததும் தமிழ் ஞாபகம் வந்தது. நாமும் குற்றத்தைச் சுமத்துகிறோம். பொறுப்பைச் சுமத்துகிறோம். மின்சாரத்தை ஏற்றுகிறோம். அங்கே ஏற்றிய அதே பாரத்தை இங்கே நாமும் தனியாக ஏற்றி வைத்திருக்கிறோம்! கல்ச்சர் என்பதன் வேர் நிலத்தை உழுது பயிர் செய்தல். நாமும் நிலத்தைப் பண்படுத்துகிறோம், மனத்தையும் பண்படுத்துகிறோம், பண்பாடு என்கிறோம். இஷ்யூவின் வேர் வெளியே வருதல். இதழ் வெளிவருகிறது, ஆணை வெளிவருகிறது, வயிற்றிலிருந்து பிள்ளை வெளிவருகிறது. இப்படிப் பார்த்த பிறகு ஒரு பொருளும் எனக்கு மறந்ததில்லை.

எல்லாச் சொல்லுக்கும் இது பலிக்காது. அரம் என்ற பொருளுள்ள ஃபைல் வேறு, கோப்பு என்ற பொருளுள்ள ஃபைல் வேறு. முன்னது பழைய ஆங்கில வழி வந்தது, பின்னது இலத்தீனில் நூலிழை என்ற பொருளில் இருந்து வந்தது. நம் மொழியில் நதியான ஆறும் எண்ணான ஆறும் மாதிரி. நிலவு, மாதம், கிழமை என்று மூன்றாகப் பிரிந்த திங்கள் அப்படி அல்ல. அது ஒரே வேரின் கிளைகள். நல்ல ஆங்கில அகராதியில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். வேர் வேறென்றால் ஒரே சொல்லைத் தலைப்பில் 1, 2 என்று எண் போட்டுத் தனித்தனியாகத் தந்திருப்பார்கள். ஒரே தலைப்பின் கீழ் வரிசையாக இருந்தால் அவை உறவுக்காரர்கள், வேரைத் தேடினால் பலன் உண்டு.

என் பழைய குறிப்பேட்டில் இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல், நடுவில் சமக்குறி, வலப்பக்கம் ஒரு தமிழ்ச் சொல் என்று நூற்றுக்கணக்கில் எழுதி வைத்திருந்தேன். கெடுத்தது அந்தச் சமக்குறிதான். இப்போதைய குறிப்பேட்டில் தனிச்சொல் எதுவும் கிடையாது, தொடர்கள் மட்டும். சார்ஜ் என்று ஒரு வரி இருக்காது. பேட்டரியோடு ஒரு வரி, காவல்துறையோடு ஒரு வரி, பொறுப்பாளரோடு ஒரு வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழ்த் தொடர், எங்கே பார்த்தேன் என்ற குறிப்பு. மாணவர்கள் வேறெதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

மூன்று கேள்வியிலும் தீராத சொல் வரும். அதற்கும் தொல்காப்பியத்தில் இடம் இருக்கிறது. 'மா வீழ்ந்தது' என்றால் மரமும் விழும், விலங்கும் விழும். வினை பிரித்துக் காட்டாது. அப்படிப்பட்ட இடத்தில் இன்னது என்று எடுத்துச் சொல்லிவிட வேண்டும் என்கிறது அதே இயலில் வரும் இன்னொரு நூற்பா. அதனால் சந்தேகம் வந்தால் எழுதியவரிடம் கேட்கிறேன். கேட்பதிலும் ஒரு முறை வேண்டும். 'இந்த வரி புரியவில்லை' என்று எழுதினால் அதே வரியைத் திரும்ப அனுப்புவார்கள். 'இதுவா, அதுவா' என்று என் இரண்டு ஊகங்களையும் முழு வாக்கியமாக எழுதிக் கேட்டால் பதில் தெளிவாக வரும்.

சமீபத்தில் ஓர் இயந்திரக் கையேடு வந்தது. டிஸ்சார்ஜ் முடிந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும் என்று ஓர் எச்சரிக்கை. அந்தப் பக்கத்தில் வேறு விளக்கம் இல்லை. உள்ளே இருக்கும் திரவம் வடிந்து முடிவதா, இயந்திரத்திலிருந்து சரக்கு முழுவதும் வெளியேறுவதா என்று கேட்டு எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: இரண்டும் இல்லை. இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும், அதைச் சொல்கிறோம்.

கொஞ்ச நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த வரியை இப்படி எழுதினேன்: 'இணைப்பைத் துண்டித்த பின்னும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். அது முழுவதும் இறங்கிய பிறகே மூடியைத் திறக்கவும்.' ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் இரண்டு வரியாகிவிட்டது. நீளம் கூடியதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.